தமிழ்க் காதைக் கழற்றி வைத்துவிட்டு: நீலகிரி மொழி ஒன்றுக்கு இலக்கணம் எழுதுவது எப்படி

நீலகிரியில் தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் பேசும் மொழிகளில் ஒன்றுக்கு இலக்கணம் எழுதப் போகும் தமிழருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அங்கே ஏறத்தாழ எல்லோருக்கும் தமிழ் தெரியும். முதல் நாளே உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கலாம். வேலையைக் கெடுப்பதும் அந்த வசதிதான். ‘அவன் நேற்றே வந்திருந்தான், இதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால், கேட்டவர் மனம் கோணக் கூடாதே என்று தமிழ் வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஈடு வைத்து ஒன்றைக் கட்டித் தருவார்கள். அப்படி 2,000 வாக்கியம் சேர்த்து எழுதினால் வருவது வேற்றுமொழிச் சொற்களைப் போர்த்திக்கொண்ட தமிழ் இலக்கணம். தமிழில் இல்லாத ஒன்றைத் தமிழில் கேட்கவும் முடியாது.

ஆகவே மொழி பேசப்படுவதை அப்படியே விவரிக்கும் விளக்க இலக்கணத்தின் அடிப்படை, மக்கள் தங்களுக்குள் பேசியதன் பதிவாக இருக்க வேண்டும். கேள்வி கேட்பது அதற்குப் பிறகு, பதிவில் விழுந்த ஓட்டைகளை அடைக்க. மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளைக் கேட்டு எழுதினார். கோத்தர் சொன்ன கதைகளை 1940களிலேயே அச்சாக்கினார்; தோடா இலக்கணமும் பனுவல்களும் நூலாக வந்தது 1984இல். பகுப்பாய்வு மெதுவாக வரலாம், பின்னால் மாறவும் மாறலாம். பேச்சின் பதிவு முதலில் கையில் இருக்க வேண்டும்.

எவ்வளவு பேச்சு, எவ்வளவு நாள்

60 முதல் 100 பக்கச் சுருக்க இலக்கணத்துக்கு, எழுத்தாக்கி உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொல்துண்டு) பிரித்த பேச்சு 2 அல்லது 3 மணி நேரம் இருந்தால் ஒப்பேற்றலாம். 400 பக்கத்தைத் தாண்டும் முழு இலக்கணத்துக்கு 10 மணி நேரமாவது வேண்டும். ஒரு நிமிடப் பேச்சை எழுதி, பெயர்த்து, பிரித்து முடிக்கத் தொடக்கத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். கை பழகிய பின் அரை மணி. ஆக 10 மணிப் பதிவுக்கு 300 முதல் 600 மணி உழைப்பு. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் காது ஒத்துழைக்காது என்பதால், இந்த ஒரு படிக்கு மட்டும் 75 முதல் 150 வேலைநாள் ஒதுக்குங்கள். ‘பதிவை முடித்துவிட்டேன், இனி ஊரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வேன்’ என்று மலையிறங்கியவர்களின் ஒலிக்கோப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பேசியவர் பக்கத்தில் இல்லாமல் வேகப் பேச்சை எழுத முடியாது.

யாரிடம் கேட்பது

குறைந்தது நான்கு பேர்: இரண்டு பெண், இரண்டு ஆண், ஒருவராவது 60 வயதைக் கடந்தவர், ஒருவராவது இருபதுகளில் இருப்பவர், முடிந்தால் இரண்டு மந்து (தோடர் குடியிருப்பு) அல்லது இரண்டு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்). தமிழ் சரளமாகப் பேசி, தானாக முன்வந்து உதவுபவரே உங்கள் முழுநேரத் துணையாகிவிடுவார்; ஆனால் மற்றவர்களைவிட அவர் பேச்சில்தான் தமிழ் அதிகம் ஏறியிருக்கும். எழுத்தாக்க வேலைக்கு அவரை வைத்துக்கொண்டு, பதிவுக்கு மற்றவர்களிடம் செல்லுங்கள். முன்பல் விழுந்த பெரியவர் அருமையான கதைசொல்லியாக இருப்பார், ஆனால் ஸ, ஷ போன்ற உரசொலிகளை அவர் வாயிலிருந்து முடிவு செய்யாதீர்கள்.

வயதையும் ஊரையும் ஒவ்வொரு பதிவிலும் குறிப்பது சடங்குக்காக அல்ல. படுகு மொழியில் நாக்கை வளைத்து ஒலிக்கும் உயிர்கள் இரண்டு அளவில், அதாவது அரை வளைவு, முழு வளைவு என, உண்டு என்று எமனோ 1939இல் எழுதினார். பின்னாளில் கேட்கப் போனவர்களுக்கு அந்த வேறுபாடு மிகச் சிலரிடமே கிடைத்தது. யார், எந்த ஊர், எந்தத் தலைமுறை என்ற குறிப்பு இல்லையென்றால் இப்படிப்பட்ட இடத்தில் முன்னவர் தவறா, மொழி மாறிவிட்டதா என்று சொல்ல வழியே இல்லை.

சம்மதத்தை அவர்கள் மொழியிலேயே கேட்டு, பதில் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். பதிவு எங்கே சேமிக்கப்படும், யார் கேட்கலாம், பின்னர் திரும்பப் பெறலாமா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். சடங்கில் மட்டும் சொல்லப்படும் வாசகங்களைப் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டாலும், பொதுவில் வைக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். செலவிட்ட நேரத்துக்கு, அந்த ஊர்க் கூலிக்குக் குறையாமல் பணம் கொடுங்கள், அன்றே கொடுங்கள்.

பதிவு

டபிள்யூஏவி வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இந்த அமைப்பில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 1 ஜிபி எடுக்கும், அதற்கேற்ப அட்டை வாங்குங்கள். எம்பி3, வாட்ஸ்அப் குரல்செய்தி இரண்டும் ஒலியைச் சுருக்கும்போது உயர் அதிர்வெண்களைத்தான் முதலில் வெட்டும். உரசொலிகளின் வேறுபாடு இருப்பதோ அங்கே. பல்வகை ஸகர, ஷகர ஒலிகளைப் பிரிக்கும் தோடா போன்ற மொழிக்கு அது பெருநட்டம். சட்டையில் குத்தும் மைக் அல்லது தலையில் மாட்டும் மைக் நல்லது. ஒலியளவு உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். நீலகிரியில் காற்றுக்கு மயிர்க்கவசம் கட்டாயம். தகரக் கூரைமேல் மழை பெய்தால் அன்று பதிவை விட்டுவிட்டு எழுத்தாக்கத்தில் இறங்குங்கள்.

எதைப் பதிவு செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாட்டுப்புறக் கதை மட்டும் 10 மணி நேரம் இருந்தால் வினைகள் எல்லாம் இறந்தகாலப் படர்க்கையாக இருக்கும். முன்னிலை வராது, ஏவல் வராது, கேள்வி வராது. செய்முறை விளக்கம் (கோத்தர் பானை வனைவது, தோடர் எருமை கறப்பது) வழக்கச் செயலையும் வரிசைக் கட்டுமானத்தையும் கொண்டுவரும். இருவர் உரையாடல் எல்லாவற்றையும் கொண்டுவரும், ஆனால் எழுத்தாக்குவது மூன்று மடங்கு கடினம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது உரையாடல் இருக்கட்டும்.

படம் காட்டிச் சொல்லச் சொல்வதும் உதவும். பேரிக்காய் பறிப்பவரையும் கூடையைத் திருடும் சிறுவனையும் காட்டும் 6 நிமிட வசனமில்லாப் படம் ஒன்று 1975இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே எடுக்கப்பட்டது; உலகெங்கும் பயன்பட்டது. பேரி விளையும் நீலகிரியில் அது அந்நியமாகவும் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னால் ‘இது மரம், இது பையன்’ என்று பட்டியல்தான் வரும். படத்தை முடித்துவிட்டு, அதைப் பார்க்காத இன்னொரு ஊர்க்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஒலிகள்

முதலில் 200 சொல். அடிப்படைச் சொற்களைத் தொகுத்த ஸ்வாதேஷ் பட்டியல் தொடக்கத்துக்குப் போதும். பிறகு 1,000 முதல் 1,500 வரை. ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள், தனியாகவும் ஒரு வாக்கியத்துக்குள்ளும். தனியாகச் சொன்னால் பட்டியல் ராகம் ஏறி, கடைசிச் சொல் இறங்கி ஒலிக்கும். வாக்கியத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘____ என்று சொன்னேன்’ என்று வைத்தால் ‘பாக்கு’ என்பது ‘பாக்கென்று’ ஆகிவிடும். சொல்லிறுதி என்ன என்பதே தெரியாது. அடுத்த சொல் மெய்யில் தொடங்குமாறு வாக்கியத்தை அமையுங்கள்.

தமிழ்க் காது எங்கெங்கே ஏமாற்றும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது பாதி வேலை. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பதை நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் அதனால் பொருள் மாறாது. தோடா, கோத்தர், படுகு மொழிகளில் ஒலிப்புள்ள வல்லினமும் (g, d, b போல) ஒலிப்பில்லாத வல்லினமும் (k, t, p போல) பொருளை மாற்றும். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் அந்த வேறுபாடு முதல் நாளே அழிந்துவிடும். அனைத்துலக ஒலிக்குறியீட்டில் எழுதுங்கள், வேறு வழியில்லை. அடுத்தது, தோடரும் கோத்தரும் சொல்லிறுதி உயிரைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மெய்யிலேயே முடிப்பார்கள். நம் காது கேட்காத ஓர் உகரத்தை அங்கே தானாக ஒட்டிக்கொள்ளும். ஒலியை அலசும் பிராட் மென்பொருளில் அலைவரைபடத்தைப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். தோடாவில் நாக்கு அதிரும் ரகர வகைகள் மூன்று, பல்லை ஒட்டியது, மேற்பல் ஈறைத் தொடுவது, நாவளைந்தது என. எழுத்தில் ர, ற இரண்டையும் வைத்துக்கொண்டு பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும் ஊர்க்காரர் இங்கே வாரக்கணக்கில் தடுமாறுவார்.

ஓர் ஒலியை ஒலியன் (பொருளை மாற்றும் ஒலி) என்று அறிவிக்க, ஒரே ஒலியால் வேறுபடும் சொல்லிணை வேண்டும்: தமிழில் வலி, வளி, வழி போல. சொல் முதல், இடை, கடை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேடுங்கள். முதலில் பிரியும் ஒலிகள் கடையில் ஒன்றாகலாம். இணை கிடைத்ததும் சோதனை செய்யுங்கள். ஒருவர் சொன்ன இரு சொற்களையும் பத்துப் பத்து முறை கலைத்துப் போட்டு, இன்னொருவரைக் கேட்டுப் படத்தைத் தொடச் சொல்லுங்கள். இருபதில் பதினெட்டு, பத்தொன்பது சரியானால் வேறுபாடு இருக்கிறது. பத்தை ஒட்டி நின்றால் உங்களுக்குக் கேட்ட வேறுபாடு அவர்களுக்கு இல்லை. உயிர்களை அளக்கும்போது பிராட்டில் ஃபார்மண்ட் (உயிரொலியை அடையாளம் காட்டும் ஒத்ததிர்வு) தேடும் மேல்வரம்பு ஆண் குரலுக்கு 5,000 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 5,500. இதை மாற்ற மறந்தால் வரும் எண்கள் குப்பை.

எழுத்தாக்கமும் உருபன் பிரிப்பும்

ஈலான் மென்பொருளில் ஒலியோடு நேரம் பொருத்தி எழுதுங்கள். அகராதிக்கும் உருபன் பிரிப்புக்கும் ஃபீல்டுவொர்க்ஸ். இரண்டும் இலவசம். ஈலானில் எழுத்தாக்கத்தையும் மொழிபெயர்ப்பையும் முழுக்க முடித்துவிட்டு ஃபீல்டுவொர்க்ஸுக்கு மாற்றுங்கள். பாதியில் மாற்றிவிட்டு இரண்டு இடத்திலும் திருத்திக்கொண்டிருந்தால் எது புதியது என்பது ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று: மேல்குறி சேர்ந்த எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், திரையில் ஒன்றுபோல் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ஒரே விசைப்பலகையை முதல் நாளிலிருந்து பயன்படுத்துங்கள்.

பேசியவரோ அவர் வீட்டாரோ ஒவ்வொரு தொடரையும் நிதானமாகத் திருப்பிச் சொல்ல, நீங்கள் எழுத வேண்டும். திருப்பிச் சொல்பவர் பேச்சைத் ‘திருத்தி’ச் சொல்வார், தமிழ்ச் சொல்லை எடுத்துவிட்டுப் பழஞ்சொல்லை வைப்பார், விட்ட விகுதியைச் சேர்ப்பார். பதிவில் இருப்பதை முதல் வரியில் எழுதி, திருத்தத்தைக் குறிப்பில் வையுங்கள். திருத்தம்தான் சில சமயம் ‘நல்ல பேச்சு’ என்று அவர்கள் நினைப்பது என்ன என்று காட்டும்.

உருபன் பிரிப்பில், மொழியியலாளர் பொதுவாகக் கைக்கொள்ளும் லைப்சிக் விதிகளைப் பின்பற்றினால் போதும். மேல்வரியில் எத்தனை சிறுகோடு உண்டோ கீழ்வரியிலும் அத்தனை. ஓர் உருபனுக்குப் பல பொருள் என்றால் நடுவில் புள்ளி. தமிழில் காட்டினால் இப்படி:

பையன்-உக்கு பசி-க்கிற்-அது
பையன்-கு.உருபு பசி-நிகழ்காலம்-படர்க்கை.ஒருமை.அஃறிணை

‘கு.உருபு’ என்று வடிவத்தால் பெயரிட்டது வேண்டுமென்றேதான். நான்காம் வேற்றுமை என்று முதலிலேயே எழுதிவிட்டால் பிறகு அதன் வேலைகளைத் தேட மாட்டோம். நம் மரபு எட்டு வேற்றுமையை வைத்த விதத்தில் கருவிப் பொருளில் வரும் ‘ஆல்’ உருபும் உடனிகழ்ச்சியில் வரும் ‘ஓடு’ உருபும் மூன்றாம் வேற்றுமை என்ற ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. கத்தியால் வெட்டுவதும் தம்பியோடு போவதும் தமிழில் வேறு உருபு, வடமொழியில்தான் ஒன்று. இந்தப் பெட்டிகளை மலைக்கு எடுத்துச் சென்றால் அங்கே இருக்கும் பிரிவுகள் கண்ணில் படாது. உருபை எழுதி, அது வந்த இடங்களையெல்லாம் பதிவிலிருந்து எடுத்து அடுக்கி, பெயரை மூன்றாம் மாதம் வைத்துக்கொள்ளலாம்.

வினைக்கு மட்டும் பதிவு போதாது. அட்டவணை போட்டுக் கேட்டே ஆக வேண்டும். தமிழையே எடுத்தால் நான், நாம், நாங்கள் தொடங்கி அவை வரை 10 எழுவாய், 3 காலம், உடன்பாடு எதிர்மறை 2, ஒரு வினைக்கு 60 கட்டம். ஆனால் 60 வடிவம் இருக்காது. ‘செய்யவில்லை’ எல்லா எழுவாய்க்கும் ஒன்றே, அதில் இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றிக்கிடக்கின்றன. ‘செய்யமாட்டேன்’ எதிர்காலம் மட்டும். அட்டவணையில் இப்படிக் கட்டங்கள் ஒன்றிணைவதைக் காணும்போது ‘விடுபட்டது’ என்று மீண்டும் மீண்டும் கேட்டால், பாவம், யாராவது ஒரு வடிவத்தை உண்டாக்கித் தந்துவிடுவார்கள். 20 வினைகளை இப்படி நிரப்புங்கள்: குட்டை அடியுள்ள வினை, நீண்ட அடியுள்ள வினை, தன்வினை, பிறவினை, போ, வா, இரு, சா போன்ற முரண்டு பிடிக்கும் வினைகள். ஒரு அமர்வில் இரண்டு வினைக்கு மேல் வேண்டாம். அலுப்பு வந்த பிறகு எல்லா விகுதியும் ஒரே அச்சில் வரும்.

மரியாதைப் பன்மையிலும் கவனம். உங்களிடம் பேசுவதால், தமிழில் உள்ளதுபோல் ‘அவர் வந்தார்’ வடிவத்தை நுழைப்பார்கள். அவர்கள் தங்கள் மாமாவைப் பற்றித் தங்களுக்குள் பேசும் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாக்கியம்

கேள்வி கேட்கும் நேரம் இங்கே வரும். ‘இது சரியா?’ என்று கேட்காதீர்கள். விருந்தாளியிடம் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘இதை யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள்?’ என்று கேளுங்கள். பதிவில் வந்த, அவர்களே பேசிய வாக்கியத்தை எடுத்து, ஒரே ஒரு துண்டை மாற்றி, சொல்லலாமா என்று கேட்பதுதான் நம்பகமான வழி. இடையிடையே நிச்சயம் தவறான வாக்கியம் ஒன்றிரண்டைக் கலந்து வையுங்கள். அதற்கும் ‘சொல்லலாம்’ என்று பதில் வந்தால் அன்றைய அமர்வை முடித்துத் தேநீர் குடிக்கப் போகலாம். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் எப்படியும் பயன் இல்லை.

எழுவாய் எது என்பதைப் பெயரிட்டுத் தீர்க்காமல், சோதித்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்’ என்பதில் வினை குமாரோடு இயையவில்லை, முதல் வேற்றுமையும் இல்லை. ஆனால் ‘தன்’ குமாரைத்தான் சுட்டுகிறது. எழுவாய்க்குரிய பண்புகளில் சில உண்டு, சில இல்லை. இலக்கணத்தில் அப்படியே எழுதுங்கள்: இந்தச் சோதனையில் தேறியது, இந்தச் சோதனையில் தேறவில்லை, எடுத்துக்காட்டு இதோ.

எழுதும் ஒழுங்கு

ஒலியியல் அத்தியாயத்தை முதல் மாதத்தில் எழுதிவிடுவது வழக்கம். அது நல்ல வழக்கமும்கூட, ஏனென்றால் எழுத்துமுறை அதைப் பொறுத்தது. அடுத்து பெயரை எழுதுவார்கள். வினையை எழுதுவது மேல். திராவிட மொழிகளில் வாக்கியத்தின் பாதி வினைக்குள் இருக்கிறது: எச்சங்கள், துணைவினைகள், எதிர்மறை, பெயரெச்சத் தொடர். அது புரியாமல் மற்ற எதுவும் நிற்காது.

ஒவ்வொரு கூற்றுக்கும் பதிவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பதிவு எண்ணும் வரி எண்ணும். கேட்டு வாங்கிய வாக்கியத்துக்குத் தனிக் குறி போடுங்கள், மறைக்காதீர்கள். ‘இந்த மொழியில் செயப்பாட்டு வினை இல்லை’ என்பதும் ‘10 மணி நேரப் பதிவில் வரவில்லை; கேட்டபோது நால்வரும் மறுத்தனர்’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதே எழுதத் தக்கது. எழுதும் வாக்கியம் எந்தக் கோட்பாட்டுக் கலைச்சொல்லும் தெரியாதவருக்கும் 50 ஆண்டு கழித்துப் புரிய வேண்டும். கோட்பாட்டு வாதத்தைக் கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம்.

நூலின் பின்னால் முழுதாகப் பிரித்த பனுவல் மூன்று முதல் ஐந்து வரை, 1,000 சொல்லுக்குக் குறையாத சொற்பட்டி, பொருளடைவு. பொருளடைவை உருபுக்கும் தனியே போடுங்கள். தேடி வருபவர் பாதிப் பேர் ‘-கு’ எங்கே என்றுதான் பார்ப்பார்கள்.

ஒலிக்கோப்புகளை மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். பதிவுக் காப்பகம் ஒன்றிலும் சேர்த்துவிடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், பேசியவரின் குறி, வரிசை எண் மட்டும். ‘புதியது-இறுதி-2’ என்று பெயர் வைத்த கோப்பு அடுத்த ஆண்டு உங்களுக்கே புரியாது. பதிவு செய்யப்பட்டவர்களின் வீட்டுக்கு அவர்கள் குரலைப் பென்டிரைவில் கொடுங்கள், அச்சுக்கு முன் பனுவல்களை அவர்களோடு ஒரு முறை உரக்கப் படியுங்கள். தவறாகக் கேட்ட சொற்கள் இந்த வாசிப்பில்தான் கடைசியாகச் சிக்கும், ஒவ்வொரு பனுவலுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.